அம்மா யார் வீட்டில் தளர்கிறாள்?

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் தம்பிலுவிலில், ஒரு தாயின் உடம்பு காரணம் தெரியாமல் குறையத் தொடங்கினால், அதை முதலில் காண்பவள் மகள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மருமகள். முதியவர் எதைச் சொல்கிறார், எதை மறைக்கிறார், எப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படுகிறார் என்பதெல்லாம் இதைப் பொறுத்தே அமைகின்றன.

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் வளவும் சீதனமாகிவிடும். மருமகன்தான் வந்து சேருவார். தாய் தகப்பன் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ ஒதுங்கி, கடைசிக் காலத்தை ஒரு மகளோடு கழிப்பார்கள். தமிழரிடம் மட்டுமல்ல, அக்கரைப்பற்று, கல்முனை முஸ்லிம்களிடமும் இதே வழக்கம்தான். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

தமிழ்நாட்டில் பெற்றோர் மகனின் பொறுப்பு. மகன்கள் பலர் என்றால் முறை வைத்துக்கொள்வார்கள்: மூத்தவர் வீட்டில் சில மாதம், இளையவர் வீட்டில் சில மாதம். அதில் அன்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். நியாயமாகப் பங்கிடத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் மெல்ல மெல்ல வரும் தளர்ச்சியைக் கண்டுபிடிக்க இதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. போன தைப்பொங்கலுக்கு மூன்று இட்லி சாப்பிட்டவர் இப்போது ஒன்றோடு எழுந்துவிடுகிறார் என்பது, இரண்டு பொழுதையும் பார்த்தவருக்குத்தான் தெரியும். வீடு மாறும்போது டாக்டரும் மாறுகிறார், புதிய ஃபைல் திறக்கப்படுகிறது, பழைய மாத்திரையோடு புதியதும் சேர்கிறது. மாமியாரின் மலச்சிக்கலையும் சிறுநீர் எரிச்சலையும் மருமகள் கேட்கத் தயங்குகிறாள். மாமியார் சொல்லவும் கூசுகிறார்.

இந்தச் சின்ன விஷயங்களில்தான் பல நேரம் விடை இருக்கிறது. முதியவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சல் வராமல் வெறும் தடுமாற்றமே வரலாம். பிறஷருக்குக் கொடுக்கும் சிலவகைக் குளிசைகள் உடம்பின் சோடியத்தைக் குறைத்து, நடையையும் நினைவையும் குழப்பும். சீனி வருத்தத்துக்கு நெடுங்காலம் மெட்ஃபோர்மின் எடுப்பவருக்கு பி12 குறையலாம். சாப்பாடு பாதியாகக் குறைந்தபின்னும் கிளிபென்கிளமைட் போன்ற குளிசையைப் பழைய அளவிலேயே விழுங்கினால், சீனி இறங்கி வியர்த்து விழுவார். நோன்பு பிடிக்கும் மூத்தம்மாமார் விஷயத்தில் இது இன்னும் கவனிக்கவேண்டியது. கிணற்றடியில் வழுக்கித் தலையில் லேசாக அடிபட்டது மறந்தே போயிருக்கும். சில வாரங்கள் கழித்து, மூளையைச் சுற்றி இரத்தம் தேங்கி மறதியாகத் தெரியும். இவை எல்லாமே மருத்துவம் உள்ளவை.

மகள் பார்க்கிறாள் என்பதால் எங்கள் பக்கம் எல்லாம் சரி என்று எண்ணிவிடக் கூடாது. மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தால், பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு அம்மம்மாவே தனியாக இருப்பார். தகப்பன்மார் பாடு வேறு. மகள் வீட்டில் இருக்கும் ஆண், தன் சிறுநீர்ச் சிக்கலை அவளிடம் சொல்வதேயில்லை. அதைக் கேட்கக்கூடிய மகன் மாமியார் வீட்டுப் பக்கம் போய்விட்டான். இதற்கெல்லாம் மேலாக, “வயசு போனா அப்படித்தான்” என்று சொல்லி முடித்துவிடும் பழக்கம். அந்தப் பேச்சு பாக்கு நீரிணைக்கு இரு கரையிலும் ஒன்றுதான், அதனால் ஆகும் கேடும் ஒன்றுதான்.

அம்மாவின் உடம்பு தேறவேண்டி வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு நேர்த்தி வைப்பதையும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பேரில் கொடியேறும் நாட்களில் துஆக் கேட்பதையும் நான் குறைசொல்ல மாட்டேன். நாகூருக்கும் சமயபுரத்துக்கும் போகிறவர்களும் அதே கவலையோடுதான் போகிறார்கள். நேர்த்தி ஒரு பக்கம் இருக்கட்டும், இரத்தப் பரிசோதனையும் நடக்கட்டும்.

அரச ஏற்பாட்டில் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் 1978இலேயே முதியோருக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2021 ஆகஸ்டில் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிறஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 2024இல் கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளுடன் தேசிய மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனாலும் அங்கே பலர் முதலில் ஓடுவது தனியார் ஸ்கேன் நிலையத்துக்கு. நகையை அடகு வைத்து எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாவிட்டால், நோயே இல்லை என்று முடிவாகிவிடுகிறது.

இலங்கையில் 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படியே 60 வயதுக்கு மேற்பட்டோர் 12.4 வீதம். அரச வைத்தியசாலையில் காசு வாங்குவதில்லை; 2022 பொருளாதார நெருக்கடியில் குளிசைகளை வெளியில் வாங்க நேர்ந்தபோதும் டொக்டரைக் காணக் காசு கேட்கவில்லை. எங்களுக்குக் குறைவது நேரமும் தூரமும். திருக்கோவில் ஆதார வைத்தியசாலையில் முடியாதது கல்முனைக்குப் போகும், அதற்கும் மேலானது மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு. கிளினிக் நாளில் நீண்ட வரிசை; டொக்டர் முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள்.

அந்தச் சில நிமிடங்களை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போங்கள். நாட்டு மருந்து உட்பட, அம்மா விழுங்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டொக்டரின் மேசையில் வையுங்கள். மாதம் ஒருமுறை நிறை பார்த்து, எப்போது விழுந்தார், எப்போது சாப்பாடு குறைந்தது என்பதோடு கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். முறை வைத்துப் பார்க்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளே, தாயை அடுத்த வீட்டுக்கு அனுப்பும்போது அந்தக் கொப்பியையும் கூடவே அனுப்புங்கள்.