வெளியே வந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

தரையிலிருந்து 400 மீட்டர். ஜெர்மனியின் ஸ்வேபியன் ஆல்ப் மலைமேட்டின் ஓரம், மாலை ஐந்தரை மணி, மேலே தூக்கும் வெப்பக்காற்றான தெர்மலில் கடைசியும் அடங்கிவிட்டது. கிளப் ஓடுதளம் 18 கி.மீ. தள்ளி இருக்கிறது. என் கிளைடரின் சறுக்கு விகிதம் 40. அதாவது 400 மீட்டர் உயரத்தைக் கொண்டு காற்றில்லாத வானில் 16 கி.மீ. போகலாம். இந்த இரண்டு கிலோமீட்டர் பற்றாக்குறைக்காகத்தான் சஸ்டெய்னர் எஞ்சின் என்ற ஒன்றை வைத்திருக்கிறோம்.

சஸ்டெய்னரை நம்பித் தரையிலிருந்து கிளம்ப முடியாது. மேலே ஏற வின்ச்சோ இழுவை விமானமோ வேண்டும். ஏறியபின் வெப்பக்காற்று கைவிட்டால் வீடு திரும்ப மட்டும் இது. பெட்ரோல் வகையை இங்கே ‘டர்போ’ என்பார்கள். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்: டர்போசார்ஜர் இல்லை, பெரும்பாலானவற்றில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆக்ஸிலரேட்டரும்கூட இல்லை. ஓடினால் முழு வேகம், இல்லாவிட்டால் நிறுத்தம்.

பேட்டரி செத்த பைக்கைத் தள்ளிக்கொண்டே ஓடிக் கிளட்ச்சை விட்டவர்களுக்கு இதன் ஸ்டார்ட் முறை உடனே புரியும். சுவிட்சைத் தட்டினால் இறக்கைக்குப் பின்னால் முதுகுக் கதவுகள் திறந்து, ப்ரொப்பெல்லரைச் சுமந்த கம்பம் நிமிர்கிறது. பெட்ரோல் வால்வைத் திறந்து, சிலிண்டர் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஷன் பிடியை இழுத்து, மூக்கைக் கீழே அழுத்த வேண்டும். வேகம் ஏறியதும் எதிர்க்காற்றே ப்ரொப்பெல்லரைச் சுழற்றும். பிடியை விட்டால் எஞ்சின் பற்றிக்கொள்ளும்.

பற்றிக்கொள்ள வேண்டும். டாஷ்போர்டில் ஒட்டிய சின்னக் கண்ணாடியில் பிளேடுகள் சுழல்வது தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. இன்னொரு முறை மூக்கை அழுத்தினேன், அதே மௌனம். ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரின் ஊசி மைனஸ் 2-இல் படுத்திருந்தது. இரண்டு முயற்சியில் 150 மீட்டர் போயிருந்தது.

உள்ளே மடங்கிக் கிடக்கும்போது இந்த எஞ்சினால் காற்றுத்தடை என்பதே இல்லை, எடை மட்டும்தான். கம்பம் நிமிர்ந்து எஞ்சின் ஓடாமல் நின்றால் சறுக்கு விகிதம் 40-இலிருந்து சுமார் 15-க்கு விழுகிறது. மீதியிருந்த 250 மீட்டரில் 10 கி.மீ. போயிருக்க வேண்டிய விமானம் நாலு கிலோமீட்டரைக்கூடத் தொடாது. உதவிக்கு வந்தவனே காலைப் பிடித்து இழுத்த கதை. மறுபடி உள்ளே மடக்கலாமே என்றால், ப்ரொப்பெல்லரை நிறுத்தி, இரண்டு பிளேடும் செங்குத்தாக நிற்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துத்தான் மடக்க முடியும். அந்த உயரத்தில் யாருக்கு நேரம்?

சுவிட்சைத் தொடும் முன்பே புல் அறுத்த ஒரு வயலைக் குறித்து வைத்திருந்தேன். அங்கேயே இறங்கினேன். மறுநாள் பிரித்துப் பார்த்தால், கம்பம் முழுசாக நிமிர்ந்துவிட்டது என்று தகவல் சொல்ல வேண்டிய குட்டி சுவிட்ச் ஒட்டவில்லை. அதனால் இக்னிஷனுக்கு மின்சாரமே போகவில்லை. எஞ்சின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஐந்தாறு தடவை மட்டும் ஓடுகிற டூ-ஸ்ட்ரோக், மழைக்காலம் முழுக்கத் திண்ணையில் நின்ற மொபெட் மாதிரிதான். எப்போது முரண்டு பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

அதன்பின் ஒரு சீசன் முழுக்க மின்சார வகையை ஓட்டினேன். ஸ்லோவேனியாவின் எல்.இசட். டிசைன் உருவாக்கிய எஃப்.இ.எஸ். அமைப்பு இது. மோட்டார் விமானத்தின் மூக்கிலேயே இருக்கிறது. ஒரு மீட்டர் அளவுள்ள ப்ரொப்பெல்லரின் இரண்டு பிளேடும் மூக்கோடு ஒட்டிப் படுத்திருக்கும். குமிழைத் திருகினால் விரிந்து சுழல ஆரம்பிக்கும். எண்ணிப் பார்த்தேன், மூன்று நான்கு விநாடி. மூக்கை அழுத்த வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். சுழலாவிட்டால் பிளேடுகள் படுத்தபடியே கிடக்கும், சறுக்கு விகிதம் அப்படியே இருக்கும். டர்போவில் 400 மீட்டரில் எடுக்க வேண்டிய முடிவை இதில் 250 வரை தள்ளிப்போடலாம். எனக்கு இதற்கே முழு மதிப்பெண்.

இலவசம் இல்லை. அந்தப் பிளேடுகளும் மூக்குக்கூம்பின் இடுக்கும் வழுவழுப்பான காற்றோட்டத்தைக் கலைக்கின்றன, மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், பறக்கிற ஒவ்வொரு நிமிஷமும். சறுக்கு விகிதத்தில் 1 புள்ளி போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 1,000 மீட்டரிலிருந்து 1 கி.மீ. குறையும். போட்டி விமானிகளுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கிற கணக்கு. இறக்கையின் முன்விளிம்பில் அப்பிய பூச்சிகளோடு மதியம் முழுக்கப் பறக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது கணக்கிலேயே வராது.

உண்மையான குறை தூரம். சுமார் 4 கிலோவாட்-மணி பேட்டரி, மட்டப் பறத்தலுக்கு 4 கிலோவாட் அளவு தேவை. ஆக ஒரு மணி நேரம், ஏறக்குறைய 100 கி.மீ. பெட்ரோல் டேங்க் நிறைந்திருந்தால் டர்போ இதைவிட அதிகத் தூரம் கொண்டுபோகும். மலை தாண்டி, நாடு தாண்டிப் போகிறவர்கள் டர்போவை விடமாட்டார்கள். அதில் நியாயம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜே.எஸ்.1 கிளைடரில் வருகிற குட்டி ஜெட் எஞ்சின் இரண்டுக்கும் நடுவே: ஒல்லிக் கம்பம், குறைந்த காற்றுத்தடை, எரிபொருளை மட்டும் அள்ளிக் குடிக்கும். நான் ஓட்டியதில்லை.

பேட்டரி என்றதும் தீ ஞாபகம் வராமல் போகாது. 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பார்ஹாம் மைதானத்தில் எஃப்.இ.எஸ். பொருத்திய ஒரு கிளைடர் தரையிறங்கியபோது பேட்டரிப் பெட்டி தீப்பிடித்தது; விமானி காயமின்றித் தப்பினார். நான் இரண்டு பெட்டிகளையும் விமானத்திலிருந்து கழற்றி ஹேங்கருக்கு வெளியே சிமென்ட் தரையில் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன். ஒவ்வொன்றும் 15 கிலோவுக்கு மேல். ஒரு நாள் பறத்தலில் முதுகு வலிக்கிற ஒரே வேலை அதுதான்.