கனத்த மூடி, மெல்லிய புகை

டெக்சாஸ் வீடுகளின் கொல்லைப்புறத்தில் கறுத்துக் கிடக்கும், கறியைப் புகையில் வேகவைக்கும் இரும்பு உருளைதான் ஸ்மோக்கர். முதல் ஸ்மோக்கர் வாங்குகிறவர் பளபளப்பைப் பார்க்க வேண்டியதில்லை. மூடியைத் தூக்கி இறக்கிப் பார்த்தால் போதும். கலகலக்காமல், 'தம்' என்று ஒரே ஓசையில் அது உட்கார வேண்டும். கனத்த இரும்பு சூட்டைப் பிடித்து வைக்கும். காற்றுத் திறப்பு விரல் நுனி பட்டாலே சிக்காமல் நகர வேண்டும். சமையலில் பாதி அந்த நுனியில் இருக்கிறது.

உருளையை ஒட்டிய நெருப்புப் பெட்டியில் காய்ந்த ஓக் கட்டை சடசடக்கிறது. முதலில் எழும் வெண்புகை கறிக்குக் கசப்பேற்றும். நெருப்பு தெளிந்ததும் புகை மெலிந்து நீலம் பாரிக்கும். கறியை வைக்க அதுவே நேரம். சுமார் 110 டிகிரி செல்சியஸில் மாட்டின் நெஞ்சுக்கறி மணிக்கணக்காக வேகும். உள்சூடு 70 டிகிரியை ஒட்டியதும் ஏறாமல் நின்றுவிடும். மேலே ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால் வரும் தேக்கம் அது. கைப்பழக்கம் உள்ளவர் அப்போது பதறித் தீயைக் கூட்டுவதில்லை, அடிக்கடி திறந்து பார்ப்பதுமில்லை. விறைத்த சவ்வு இளகி, உப்பும் மிளகும் கரும்பொருக்காக இறுகும்வரை பொறுக்கிறார். கத்தி இறங்கும்போது பொருக்கு மெல்ல நொறுங்கும்; உள்ளே கொழுப்பு மினுங்கும் கறி விரல் பட்டாலே பிரியும்.