கூடுதல் பெட்ரோல் யாருக்குக் காவல்?

நெய்வேலிப் பக்கத்துக் களிமண், செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம், பொம்மைகள் சுடும் சூளைகள் என்று விருத்தாசலத்தைப் பீங்கான் ஊராகத்தான் தமிழ்நாடு அறியும். வேகமான காரின் என்ஜினுக்கும் இந்த ஊர்த் தொழிலுக்கும் உறவு உண்டு. பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலக்கின்றனவா என்று சாட்சி சொல்லும் மூன்று உறுப்புகளும் பீங்கான் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை மூக்கு அலுமினா. புகைக்குழாயில் ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரின் உள்ளே இருப்பது சிர்கோனியா. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் தேன்கூடு கார்டியரைட். சீனாக்களிமண்ணும் டால்க்கும் அலுமினாவும் சேர்த்துச் சுட்டால் வருவது. கலவையில் பெட்ரோல் மிஞ்சிப்போனால், பட்டறை மொழியில் ‘ரிச்’ ஆனால், முதலில் கெடுபவையும் இவைதான். அப்படியிருந்தும் காரை முடுக்கிவிடும் பட்டறைகளில் ‘கொஞ்சம் ரிச்சா இருக்கட்டும், என்ஜினுக்கு நல்லது’ என்ற பேச்சு வேதவாக்காக நிற்கிறது. ஒரு காலத்தில் அது அறிவுள்ள முடிவாக இருந்தது. அளக்கும் கருவி கைக்கு வந்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் பழக்கம்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. ஆனால் உச்ச சக்தி அந்த விகிதத்தில் கிடைப்பதில்லை, 12.5 முதல் 13 வரைக்குள்தான் கிடைக்கும். சிலிண்டருக்குள் வந்த ஆக்ஸிஜன் ஒரு துளிகூட வீணாகாதபடி பெட்ரோல் சற்று மிகுந்திருப்பது அதற்குக் காரணம். டர்போ பொருத்திய என்ஜினை முழுச் சுமையில் ஓட்டும்போது இன்னும் கீழே, 11.5 வரைகூட இறக்குவார்கள். மிகுந்த பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே சூடு தணிகிறது. கலவை தானாக வெடித்துப் பிஸ்டனை அரிக்கும் ‘நாக்கிங்’ அடங்குகிறது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களிலும், 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்த பிறகு சில ஆண்டுகளும், டியூனருக்குத் துணையாக இருந்தவை பெரும்பாலும் காதும் கண்ணும்தான். கோவையின் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார் மாருதி 800-இன் 796 சிசி கார்புரேட்டர் என்ஜினில் ஓடியது. அந்தக் கார்புரேட்டருக்குக் காற்றின் அடர்த்தி தெரியாது. ஊட்டியின் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிட, சமவெளிக்குப் போட்ட ஜெட்டே, அதாவது பெட்ரோலை அளந்துவிடும் துளையே, அங்கே தேவையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு பெட்ரோலை அதிகமாகக் கொட்டும். கோடை மதியமும் மார்கழிக் காலையும் ஒரே ஜெட்டில் கடக்க வேண்டியிருந்தபோது, லீன் (பெட்ரோல் குறைந்த) பக்கம் தவறினால் பிஸ்டன் போகும், ரிச் பக்கம் தவறினால் சில குதிரைத்திறன் போகும் என்று கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

கேடு தொடங்குவது ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று யாரும் அளக்காத இடத்தில். அதிகப் பெட்ரோலில் ஓடிய என்ஜினின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் மூக்கு அடுப்புக் கரிபோல மங்கிய கறுப்பாக, விரலில் ஒட்டும் புகைப்படிவத்தோடு இருக்கும். பிளக்கின் மூக்கு ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நகர நெரிசலில் ஊர்ந்து போகும் காரில் அந்தச் சூடு எட்டாது. கரி மின்சாரத்தைக் கடத்துமாதலால் இடைவெளியில் பொறியாகப் பாய வேண்டிய மின்னழுத்தம் பீங்கானின் மேற்பரப்பு வழியாகவே கசிந்து போகிறது. என்ஜின் ‘மிஸ்’ அடிக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலை நீர்க்கவைக்கிறது. பாதுகாப்புக்காகக் கூட்டிய பெட்ரோல் ரிங்கையும் பேரிங்கையும் தேய்ப்பதில் போய் முடிகிறது. இன்னொரு பகுதி எரியாமலே வெளியேறி, அதே மிஸ்ஸில் தப்பி வந்த ஆக்ஸிஜனோடு கன்வெர்ட்டருக்குள் சேர்ந்து எரிகிறது. கார்டியரைட் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்வது இப்படித்தான். பிறகு ‘கன்வெர்ட்டர்தான் பிக்கப்பைக் கெடுக்கிறது’ என்று அதையே பிடுங்கி எறிகிறார்கள்.

இவற்றைவிட நுட்பமான கண்ணி ஒன்று உண்டு. புகைக்குழாய் சென்சார் அளப்பது ஆக்ஸிஜனை. பெட்ரோலை அது நேரடியாக அறியாது. கலவை மிதமிஞ்சி ரிச்சாகி என்ஜின் மிஸ் அடித்தால், எரியாத கலவையிலிருந்த ஆக்ஸிஜன் அப்படியே சென்சாருக்கு வந்து சேரும். மீட்டர் ‘லீன்’ என்று காட்டும். அதை நம்பி டியூனர் இன்னும் பெட்ரோல் கூட்டுவார். மிஸ் இன்னும் அதிகமாகும். எண் ஒன்று சொல்ல, கறுத்த பிளக் வேறொன்று சொன்னால், முதலில் மிஸ்ஸைத் தீர்த்துவிட்டுத்தான், எரிபொருள் அளவை நிர்ணயிக்கும் மேப்பைத் தொட வேண்டும். பழைய தலைமுறையின் பிளக் பார்க்கும் கலை இன்றும் மதிப்போடு நிற்கும் இடம் இது. முழு த்ராட்டிலில் ஓட்டி, சட்டென்று இக்னிஷனை நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து உருளவிட்டுக் கழற்றிய பிளக்கில் பீங்கானின் அடிவேரில் தெரியும் வளையத்தைத்தான் நல்ல டியூனர் பார்ப்பார். ட்ராஃபிக்கில் ஊர்ந்து வந்து நிறுத்திய வண்டியின் பிளக் முழுச் சுமையைப் பற்றி எதையும் சொல்லாது.

பந்தயம் என்றால் ரிச் தான் என்று வாதிடுவோர் 2014-க்குப் பிந்தைய ஃபார்முலா ஒன்னைப் பார்க்கலாம். மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் பாயக்கூடாது என்று அந்த ஆண்டு விதி வந்தது. பெட்ரோலுக்கு உச்சவரம்பு வைத்ததும் என்ஜின் கட்டுவோர் லீன் பக்கம் திரும்பினார்கள், ஒவ்வொரு கிலோ எரிபொருளிலிருந்தும் கூடுதல் சக்தி எடுத்தார்கள். அந்த முறை நம் தெருவுக்கு நேராக வராது என்பது உண்மை. ஆனால் சக்திக்கும் மிகைப் பெட்ரோலுக்கும் பிரிக்க முடியாத பந்தம் எதுவும் இல்லை என்பதற்கு அது போதுமான சான்று. இன்னொரு வாதம் எத்தனால் பற்றியது: இப்போது பம்பில் கிடைப்பது இருபது சதவீத எத்தனால் கலந்த இ20, அது கலவையை லீனாக்கும், ஆகவே கூட்டி வைப்பதே சரி என்கிறார்கள். இதில் பாதி உண்மை. இ20 முழுதாக எரிய 13.5 பங்கு காற்றே போதும் என்பதால், பழைய மேப்பிலேயே ஓடும் என்ஜின் முழுச் சுமையில் லீனாகத்தான் செய்யும். அந்த அளவுக்கு எரிபொருளைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் மீட்டரின் உள்ளே இருப்பது லாம்டா கணக்கு: உள்ளே வந்த காற்றை, எரிபொருள் முழுதாக எரியத் தேவையான காற்றால் வகுத்த எண். பெட்ரோலுக்கு எழுதிய மீட்டர் இ20-இன் 13.5-ஐயும் 14.7 என்றே காட்டும். எனவே மீட்டரில் பழைய 12.5 வந்துவிட்டால் திருத்தம் முடிந்தது. அதற்கு மேலும் ‘எத்தனாலுக்காக’ என்று இறக்கினால் அது இரட்டைத் திருத்தம். எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிகம் குளிர்விக்கும், நாக்கிங்கையும் நன்றாகத் தாங்கும் என்பதால், குளிர்ச்சிக்காக மிகைப்படுத்த வேண்டிய தேவையும் குறைகிறது.

என்ஜின் உடையாமல் ஓடுகிறதே, போதாதா என்பது மிச்சமுள்ள கேள்வி. போதாது. பெட்ரோல் மிஞ்சினால் கார்பன் மோனாக்சைடு கூடும். அதைச் சுவாசிப்பவர் பின்னால் ஸ்கூட்டரில் வருபவர். இந்த விஷயத்தில் சூளைக்காரரின் ஒழுங்கு பட்டறைக்கு வேண்டும். உயர்தரப் பீங்கான் சுடுபவர்கள் காற்றைக் குறைத்து, எரிபொருள் மிகுந்த தீயை வேண்டுமென்றே வைப்பதுண்டு. களிமண்ணிலுள்ள இரும்பின் மஞ்சள் சாயலை அந்தத் தீ நீக்கிவிடும். ஆனால் அது குறிப்பிட்ட வெப்பநிலையில் தொடங்கிக் குறிப்பிட்ட நேரத்தில் முடியும். தொடக்கத்திலேயே அப்படி எரித்தால் கரி உள்ளே சிக்கிப் பாத்திரம் கறுக்கும். என்ஜினிலும் முழுச் சுமைக்கு மட்டும், நாக்கிங் அடங்கும் அளவுக்கு மட்டும் பெட்ரோலைக் கூட்டி, சாலை ஓட்டத்தில் லாம்டா 1-க்குத் திரும்புவதே டியூனிங். எல்லா இடத்திலும் கூட்டி வைப்பது வேலையை முடிக்காமல் விடுவது. ஆகவே காரை டியூன் செய்யக் கொடுப்பவர்கள் குதிரைத்திறன் எவ்வளவு கூடியது என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். ஓய்வோட்டம், சாலை வேகம், முழு த்ராட்டில் மூன்றிலும் எடுத்த லாம்டா பதிவைக் காகிதத்தில் கேளுங்கள். கழற்றிய பிளக்குகளையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.