பாதி உறைந்த எலுமிச்சை

சிறுமலை என்றதும் வாழைப்பழம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதற்குத்தான். அதே மலையில் விளைந்து, வண்டி போகாத தோட்டங்களிலிருந்து குதிரை முதுகில் சாலைக்கு வந்து, 18 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து திண்டுக்கல்லில் இறங்குகிற எலுமிச்சைக்கு அப்படியொரு பேர் வாய்க்கவில்லை. எலுமிச்சை என்றால் புளியங்குடி என்று தென்மாவட்டங்களில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. புளியங்குடியோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் திண்டுக்கல்லின் சிறுமலை செட் சந்தையில் மூட்டை அவிழும்போது எழுகிற வாசனையை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு, அந்தப் பழத்தைச் சாதத்துக்கும் ஊறுகாய்க்கும் திருஷ்டிக்கும் மட்டும் செலவழிக்க மனம் வராது. வெயில் காலத்தில் அதை உறையவைத்துச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சோர்பே என்று பெரிய ஓட்டல்களில் ஒரு கரண்டி வைத்து, மேலே புதினா இலையைச் செருகிக் கொடுப்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். பால் கிடையாது, முட்டை கிடையாது. தண்ணீர், சர்க்கரை, பழச்சாறு, அவ்வளவுதான். சாமான் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் கைப்பக்குவம் முழுக்க வெளியே தெரிகிறது. பாயசத்தில் முந்திரியை அள்ளிப் போட்டுக் குறையை மூடிவிடலாம். இதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

இதன் சூட்சுமம் புரிய வேண்டுமானால் குச்சி ஐஸை நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் சைக்கிள் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் ஆரஞ்சு கலர் ஐஸ். நாலு உறிஞ்சு உறிஞ்சியதும் நிறமும் இனிப்பும் வாய்க்குள் போய்விடும். கையில் வெள்ளைவெளேரென்று வெறும் ஐஸ் கட்டி நிற்கும். ஐஸ்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். அவர் மேல் தப்பில்லை. தண்ணீர் உறையும்போது தண்ணீராக மட்டுமே உறையும். சர்க்கரை, சாயம், புளிப்பு எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். தள்ளப்பட்ட பாகு ஐஸ் படிகங்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் தேங்கிக் கிடக்கும். படிகம் பெரிதாக இருந்தால் சந்தும் பெரிது, உறிஞ்சினால் பாகு மொத்தமும் வந்துவிடும். படிகம் மாவுபோலப் பொடியாக இருந்தால், ஐஸ் வேறு பாகு வேறு என்று நாக்கால் பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்தே கரையும்.

ஆக, செய்ய வேண்டியது இரண்டே காரியம். படிகத்தை வளரவிடக் கூடாது. தண்ணீர் முழுவதையும் உறையவிடவும் கூடாது. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் நல்ல சோர்பேயில் ஒரு பங்கு தண்ணீர் பாகாகவே நிற்கும். அதனால்தான் கரண்டி உள்ளே இறங்குகிறது. முழுக்க உறைந்தால் பாறை, உறையவே இல்லையென்றால் சர்பத். நடுவில் இருக்கிற அந்தப் பாதி நிலைக்குத்தான் இத்தனை பாடு.

அளவு இது: அரை லிட்டர் தண்ணீர், 225 கிராம் சர்க்கரை, 150 மில்லி எலுமிச்சைச் சாறு. பருமனைப் பொறுத்து எட்டு, பத்து பழம் பிடிக்கும். கூட ஒரு சிட்டிகை உப்பு. மொத்த எடையில் கால் பங்குக்குச் சற்று மேல் சர்க்கரை வருகிறது. பார்த்தவுடன் பகீர் என்றுதான் இருக்கும். கரைத்து வாயில் விட்டுப் பார்த்தாலும் இனிப்பு தூக்கலாகத்தான் தெரியும். பயப்படாதீர்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு பாதிதான் எட்டும். அதைவிட முக்கியம், இங்கே சர்க்கரை வருவது இனிப்புக்காக மட்டுமல்ல, தண்ணீரை உறையவிடாமல் இழுத்துப் பிடிப்பதற்கும்தான். உடம்புக்கு நல்லது என்று பாதியாகக் குறைத்தால் பாறையை உடைக்கச் சுத்தியல் தேட வேண்டிவரும். சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் என்னால் சலுகை தர முடியவில்லை.

இனிப்பு கொஞ்சம் தணியத்தான் வேண்டும் என்பவர்களுக்கு மருந்துக்கடையில் வழி இருக்கிறது. சர்க்கரையில் 50 கிராமைக் குறைத்துவிட்டு, அதே அளவு சாதா குளுக்கோஸ் பவுடர் போடலாம், வாசனை சேர்க்காததாகப் பார்த்து. குளுக்கோஸுக்கு இனிப்பு குறைவு. மூலக்கூறு சிறியது, ஆகவே அதே எடையில் எண்ணிக்கை கூட வரும். உறைநிலையைத் தாழ்த்துகிற வேலையைச் சர்க்கரையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செய்யும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி என்று கிளம்பாதீர்கள். இரண்டும் அருமையான பொருள்கள்தான். ஆனால் எலுமிச்சையின் பக்கத்தில் உட்கார்ந்தால் அதைப் பேசவிடாது.

அளவுகருவி கையில் இல்லாத சமையல்காரர்கள் முட்டையை வைத்து அளவு பார்ப்பார்கள். பாகு ஆறியதும் சாறு கலந்து, கழுவித் துடைத்த புது முட்டையை ஓட்டோடு அதில் விட வேண்டும். மூழ்கினால் சர்க்கரை போதாது. மிதந்து, மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓடு தெரிந்தால் சரியான பதம். ரொம்ப எழும்பி நின்றால் இன்னும் தண்ணீர் விடலாம். பழத்துக்குப் பழம் சாறும் புளிப்பும் மாறுகிற நம் ஊரில், எழுதி வைத்த அளவைவிட இந்த முட்டைச் சோதனை நம்பகமானது.

இனி வாசனை. எலுமிச்சையின் சாற்றில் இருப்பது பெரும்பாலும் புளிப்புதான். எலுமிச்சை என்று நாம் அடையாளம் காண்கிற மணம் தோலில் இருக்கிறது. தோலின் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அத்தனையும் எண்ணெய்ப் பைகள். தோலை மடக்கி விளக்குச் சுடருக்கு எதிரே பிதுக்கினால் பொறி பறக்கும், அந்த எண்ணெய் எரிவதுதான். பழம் வாங்கும்போது தோல் மெல்லியதாக, கையில் எடுத்தால் கனமாக, பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக இருப்பதைப் பொறுக்குங்கள். கழுவி ஈரம் துடைத்து, இஞ்சி துருவுகிற மெல்லிய துருவலில் இரண்டு பழத்தின் மேல்தோலை மட்டும், ஓர் இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் இழுக்காமல், சீவ வேண்டும். கீழே உள்ள வெள்ளைச் சதை வந்துவிட்டால் கசப்பு வந்துவிடும்.

சீவிய தோலை நேரே தண்ணீரில் போடாமல், அளந்து வைத்த சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் தேயுங்கள். பரபரவென்று இருந்த சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஈரமாகும். வெள்ளை மாறி இளம்பச்சை ஏறும். சர்க்கரையின் கூரான முனைகள் எண்ணெய்ப் பைகளைக் கிழித்து, கசிகிற எண்ணெயைக் குடித்துக்கொள்கின்றன. இந்த நேரத்தில் சமையலறைக்குள் யார் வந்தாலும் ‘என்ன வாசனை இது?’ என்று நின்றுவிடுவார்கள். சோர்பேயின் உயிர் இந்த இடத்தில்தான் இறங்குகிறது.

பிறகு தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, சர்க்கரை கரைந்த உடனே அடுப்பை அணைத்துவிடலாம். கொதித்துக் கம்பிப்பதம் வரவேண்டிய பாகு அல்ல இது. அணைத்ததும் நாரத்தை இலை இரண்டைக் கிள்ளிப் போட்டு மூடி வைப்பது என் சொந்தச் சேர்க்கை. வேப்பிலைக்கட்டிக்கு நாம் காலங்காலமாகப் போடுகிற இலைதான், ஒரு துண்டு இலையும் மேலே இன்னொரு துண்டுமாக ஒட்டினாற்போல இருக்கும். நடுநரம்பைக் கிழித்து எடுத்துவிட்டுப் போட்டு, பத்து நிமிடத்தில் வடிகட்டிவிட வேண்டும். பழத்தின் மணத்துக்குப் பின்னால் மரத்தின் மணமும் வந்து நிற்கும். புதினா வேண்டாம். புதினா போட்ட எலுமிச்சை ஐஸ் எனக்குப் பற்பசையைத்தான் நினைவூட்டுகிறது.

பாகு நன்றாக ஆறிய பிறகே சாறு. சூட்டில் விட்டால் மணம் பாதி ஆவியாகிப் போய்விடும். பிழியும்போதும் விதையும் தோலும் நசுங்க முறுக்க வேண்டாம், கசக்கும். கலந்ததை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் சில மணி நேரம் வைத்துச் சில்லென்று ஆக்கிய பிறகு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். வேகமாக உறைகிற கலவையில்தான் படிகம் பொடியாக விழும். அகலமான எவர்சில்வர் தட்டில் ஒரு விரல் கனத்துக்கு ஊற்றினால் போதும். முதலில் ஓரம் இறுகும். அரை மணிக்கு ஒரு தடவை திறந்து, முள்கரண்டியால் ஓரத்தைச் சுரண்டி நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று, நான்கு மணி நேரத்தில் தட்டு நிறைய நொய்போல ஐஸ் சேர்ந்திருக்கும். அதை, முன்பே குளிரவைத்த மிக்சி ஜாரில் போட்டு, விட்டு விட்டு நாலு சுற்று சுற்றினால் வெள்ளையாக, கண்ணாடித் தன்மை போய், வழுவழுவென்று திரளும். தொடர்ந்து ஓடவிட்டால் மிக்சிச் சூட்டில் திரும்பத் தண்ணீராகிவிடும். உடனே டப்பாவில் அடைத்து மறுபடி ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும்.

இதற்குப் பரம வைரி மின்தடை. ஒரு தடவை இளகி மறுபடி உறைந்தால் சின்னப் படிகமெல்லாம் கரைந்து பெரிய படிகத்தோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பல்லில் மணல் கடிபடும். அப்படி ஆகிவிட்டால் இன்னொரு தடவை மிக்சியில் போட்டு எடுப்பதுதான் பரிகாரம்.

ஃப்ரீசரை நம்பாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். பிளாஸ்டிக் வாளியில் மூன்று பங்கு நொறுக்கிய ஐஸும் ஒரு பங்கு கல் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கை வைக்க வேண்டும். உப்பு பட்ட ஐஸ் உருகும். உருகுவதற்கு வேண்டிய சூட்டைத் தூக்கிலிருந்து உறிஞ்சும். உப்பும் ஐஸும் சரியாகச் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் இறங்கும், வீட்டு ஃப்ரீசரைவிடக் கீழே. மீன் கடைக்கு வருகிற ஐஸ் பார்கூட வெளியே போடுவதற்குப் பரவாயில்லை, உள்ளே ஒரு சொட்டு போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. தூக்கின் கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே, நடுநடுவே திறந்து மரக்கரண்டியால் ஓரத்தை வழித்துவிட வேண்டும். கோடை விடுமுறையில் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் திருப்புகிற வேலைக்குச் சண்டையே நடக்கும். தூக்கின் வெளிப்பக்கம் பனி பூத்து வெண்மையாகும்போது உள்ளே காரியம் நடக்கிறது என்று அர்த்தம்.

ஐஸ் சாமானியர் கைக்கு வந்ததே சமீபத்தில்தான். சிசிலித் தீவில் எட்னா எரிமலையின் பனியைக் கீழே கொண்டுவந்து எலுமிச்சை கலந்து சாப்பிட்டார்கள். நமக்கு எரிமலையும் இல்லை, பனியும் இல்லை. 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெடெரிக் டியூடர் அனுப்பிய ஏரி ஐஸ், கப்பலில் மாதக்கணக்கில் மிதந்து கல்கத்தா வந்தது. சென்னையில் அதைச் சேமிக்க 1842-இல் அவர் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸைத் தொட்டவர்கள் வெள்ளைக்காரர்களும் பணக்காரர்களும்தான். பன்னீர் சோடாவுக்கும் நன்னாரி சர்பத்துக்கும் ஐஸ் போட்டுக் குடிக்கிற பாக்கியம் திண்டுக்கல் கடைவீதிக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது.

எலுமிச்சைதான் வேண்டும் என்றில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு ஊடே விளைகிற கமலா ஆரஞ்சு கிடைத்தால் விடாதீர்கள். தோல் தொளதொளவென்று இருக்கும், உரித்தால் கை முழுக்க மணக்கும். ஒரு காலத்தில் கீழ்ப்பழனி மலையின் அடையாளமே அதுதான். பசுமை நோய் வந்து மரங்கள் பட்டுப்போனதில் இப்போது அரிதாகிவிட்டது. அதில் செய்யும்போது தண்ணீரே வேண்டாம், சாறே தண்ணீர். சாற்றிலேயே இனிப்பு இருப்பதால் சர்க்கரை குறையும், முட்டைதான் அளவு சொல்லும். புளிப்பு போதாது, இரண்டு எலுமிச்சையைப் பிழிந்துவிட வேண்டும். மணத்தில் எலுமிச்சையைவிட மென்மை. ஆனாலும் கத்திரி வெயிலுக்கு அதன் அடி போதாது என்பது என் கட்சி.

சாப்பிடுவதற்கும் முறை உண்டு. ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்த பிறகே கரண்டி போடுங்கள். ரொம்பக் குளிர்ந்தால் நாக்கு மரத்து வாசனை தெரியாது. நல்ல சோர்பே முதலில் குளிர்ச்சியாக மட்டும் படும், அடுத்து புளிப்பு, கரைந்து இறங்கும்போது இனிப்பு. எல்லாம் போன பிறகு மூக்கின் பின்பக்கம் தோலின் மணம் ஏறி நிற்கும். அந்தக் கடைசி மணம் வரவில்லையென்றால், வழுவழுப்பு எவ்வளவு இருந்தாலும் நான் மதிப்பெண் போடமாட்டேன்.

திண்டுக்கல்லில் பிரியாணிக்குப் பிறகு என்ன என்ற கேள்வி வராமல் இருக்காது. 1957-இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்று தொடங்கிய கடை தலப்பாக்கட்டியாக ஊர் பேரைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றுகிறது. சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் சாப்பிட்ட கையோடு சோர்பே வேண்டாம். ஆட்டுக் கொழுப்பு குளிர்ச்சியில் உறைந்து அண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். முதலில் சூடாக ஏதாவது குடித்து, அரை மணி கழித்து எடுங்கள். வாய் கழுவிவிட்டதுபோல ஆகிவிடும்.

பங்குனி, சித்திரையில் எலுமிச்சை விலை ஏறி நிற்கும், சோர்பே தேவைப்படுவதும் அப்போதுதான். மழைக்காலத்தில் மலிவாக வரும்போது பிழிந்து, ஐஸ் தட்டில் கட்டி கட்டியாக உறையவைத்துப் பையில் கட்டிவிட்டால் சாறு சில மாதம் தாங்கும். தோலின் மணம் அப்படித் தாங்காது. அதற்கு மட்டும் அன்றைக்கே புதிதாக இரண்டு பழம் வாங்கிக்கொள்ளுங்கள்.