தற்செயலும் சார்பும்: வில்லி ரோனிஸின் தெரு நினைவுகள்

பழகிய தெருவையும் பழகிய மனிதரையும் காட்டிவிட்டாற் போதும், அதுவே மக்கள் கலையாகிவிடும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஈழத்து இலக்கிய உலகிலே மண்வாசனை என்னும் கோஷம் 1950களின் பிற்பகுதியில் ஓங்கி ஒலித்தபோதே இதற்கு எதிர்க்கேள்வியும் எழுந்தது. மண்ணின் வாசனை இருக்கின்றது. அம்மண்ணில் உழைப்பவன் இருக்கின்றானா? எழுத்தாளரை நோக்கி எழுந்த இக்கேள்வியைக் கமராவுடன் தெருவில் நடந்த ஒருவரை நோக்கியும் கேட்கலாம். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் வில்லி ரோனிஸ் ‘அன்றைய தினம்’ எனப் பொருள்படும் தலைப்பில் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட நினைவு நூல் அதற்கு நல்லதொரு வாய்ப்பாகும்.

ரோனிஸ் 1910இல் பாரிஸ் நகரிற் பிறந்தவர். ஒடெசாவிலிருந்து குடிபெயர்ந்த யூதரான தந்தை அங்கே படப்பிடிப்பு நிலையம் ஒன்றை நடத்தினார். மகனின் நாட்டமோ இசையில். 1932இல் இராணுவ சேவை முடித்துத் திரும்பியவர், நோயுற்ற தந்தைக்காக, முகங்களை மெருகிட்டு அழகாக்கும் அத்தொழிலை வேண்டா வெறுப்பாக ஏற்றார். 1936இல் தந்தை இறந்தார், நிலையம் கைவிடப்பட்டது, மகன் தெருவுக்கு வந்தார். அவ்வாண்டிலேதான் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. பிரெஞ்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களின் மூலம் 40 மணி நேர வேலை வாரத்தையும் ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையையும் வென்றெடுத்தனர். ஜூலை 14 ஊர்வலத்தை ரோனிஸ் படமெடுத்தார். தொழிலாளி வீதிக்கு வந்த ஆண்டும் இக்கலைஞர் வீதிக்கு வந்த ஆண்டும் ஒன்றாக அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

நூலின் அமைப்பு எளிது. படம் ஒன்று, அதன் அருகே, அது பிறந்த நாளைப் பற்றிய சிறு நினைவு. அலங்காரமற்ற, பேச்சோடு நெருங்கிய உரைநடை. இதனை முதியவர் ஒருவரின் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிட முடியாது. தம் படங்களுக்குப் பத்திரிகைகள் தாம் விரும்பியவாறு விளக்கம் எழுதிப் பொருளைத் திரிப்பதை எதிர்த்து, 1950களின் நடுப்பகுதியில் தமது முகவர் நிறுவனத்தை விட்டே விலகியவர் ரோனிஸ். வேலைநிறுத்தப் படத்துக்குக் கீழே முதலாளியின் வாசகம் வந்து அமருமாயின் அப்படம் யாருக்கு ஊழியஞ் செய்யும்? தொண்ணூற்றைந்தைக் கடந்த வயதில் வெளிவந்த இந்நூலிலே தம் படங்களுக்கான வாசகத்தைத் தாமே எழுதிவிடுகின்றார்.

ஆயினும் அவர் தம்மைப் பற்றிக் கூறுவதையெல்லாம் நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தமது படங்கள் தற்செயலின் கொடை என்று அவர் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தார். 1980இல் வெளிவந்த தொகுப்புக்கு வைத்த தலைப்பிலும் தற்செயல் என்னும் சொல் இடம்பெறுகின்றது. 1950இல் சிமோன் பொலிவார் நிழற்சாலையில் எடுத்த படத்தை நோக்குவோம். படிக்கட்டிலே குழந்தையுடன் இறங்கும் தாய். கீழே குதிரை வண்டி. வீதிச் சமிக்ஞை விளக்கைத் திருத்தும் தொழிலாளி. குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்லும் பெண். காலை வேளை ஒன்றில் ஒரு பேட்டை முழுவதும் அதனதன் வேலையில் இயங்குகின்றது. ஒருவரும் கமராவைப் பார்க்கவில்லை. இது தற்செயலா? தமக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தையுடன் பேசிக்கொண்டு வரும் குரலைக் கேட்டு, அவர்கள் தம்மைக் கடந்து படியிறங்கும் வரை காத்திருந்ததாக அவரே விவரிக்கின்றார். காத்திருத்தலும் உழைப்பே. பாரிஸ் கம்யூனின் இறுதித் தடையரண்கள் 1871இல் நின்ற பெல்வில் குன்றுக்கு 1947 முதல் மீண்டும் மீண்டும் ஏறிச் சென்றதும் தற்செயலன்று.

அப்பெல்வில் படங்கள் 1954இல் நூலாயின. அடுத்துவந்த இருபதாண்டுகளில் நகரப் புனரமைப்பின் பெயரால் அப்பேட்டையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. பழைய குடியினரிற் பலர் நகருக்கு வெளியே சென்றனர். வீடுகள் போயின, படங்கள் அஞ்சலட்டைகளாக விற்பனைக்கு வந்தன. இழந்தவற்றைப் பற்றி ரோனிஸ் கனிவோடு பேசுகின்றார். யார் இடித்தனர், எவரின் இலாபத்துக்காக என்னும் வினாவை அவர் போதிய அழுத்தத்துடன் எழுப்புவதில்லை. இந்நூலின் பெருங் குறை இதுவே என்பது என் கருத்து.

அவரது நேர்மைக்கும் சான்றுண்டு. கக்கத்தில் நீண்ட பாணை இடுக்கியபடி சிரித்துக்கொண்டு ஓடும் சிறுவனின் படம் (1952) உலகெங்கும் சுவர்களில் தொங்குகின்றது. பாண் கடை வரிசையில் அவனைக் கண்டு, பாட்டியிடம் அனுமதி பெற்று, ஒரு தடவை போதாமல் மீண்டும் ஓடச் செய்து எடுத்த படம் அது என அவர் ஒளிவு மறைவின்றிக் கூறுகின்றார். இதனால் அப்படம் பொய்யாகிவிடாது. பாண் வாங்கும் பிள்ளைகள் ஓடத்தான் செய்தனர். ஆனால் இயல்பாகத் தோன்றும் ஒவ்வொன்றும் இயல்பாகவே நிகழ்ந்தது என நம்பும் நம் இரசனைக்கு அது நல்ல பாடம். (நம் சிறுகதைகளில் வரும் ‘உள்ளதை உள்ளபடி’ பற்றியும் இதையே சொல்லலாம்.)

அச்சிறுவனுக்குக் கிடைத்த புகழோடு மற்றொரு படத்தின் கதையை ஒப்பிட வேண்டும். 1938 மார்ச் மாதம் பாரிஸின் ஜவெல் பகுதியிலிருந்த சிட்ரோயன் கார்த் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். ‘ரெகார்’ என்னும் இடதுசாரிச் சஞ்சிகை ரோனிஸை அங்கே அனுப்பியது. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பகுதியில், கூடியிருந்த பெண்களின் நடுவே உயர்ந்து நின்று, கையை நீட்டி முழங்கிக்கொண்டிருந்தார் தொழிற்சங்கப் போராளி ரோஸ் செனெர். ரோனிஸ் படமெடுத்தார். வெளிச்சம் போதாமல் அது மங்கிவிட்டதெனக் கருதி ஒதுக்கினார். 42 ஆண்டுகள் அது பெட்டியில் கிடந்தது. 1980இல், மேலே சொன்ன தொகுப்புக்காகப் பழையனவற்றைத் துழாவியபோதே வெளிப்பட்டது.

மங்கல் என்பது தொழில்நுட்பக் காரணமே, அதை மறுக்கவில்லை. ஆனால் முழங்கும் தொழிலாளிப் பெண்ணும் அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதியே என்பதை ஏற்கக் கலைச் சந்தைக்கு எவ்வளவு காலம் சென்றது என்பதையும் மறக்கலாகாது. தற்செயல் என்னும் கோட்பாடு இங்கேதான் முற்றாக உடைந்துபோகின்றது. அத்தொழிற்சாலைக்குள் ஓர் இளைஞனைக் கமராவுடன் கொண்டுவந்து நிறுத்தியது ஓர் அரசியற் சார்பு. போருக்குப் பின் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராகவும் இருந்த ரோனிஸ் இதனை அறியாதவரல்லர். எழுதும்போது மட்டும் அடக்கத்தால் தற்செயலின் பின்னால் ஒளிந்துகொள்கின்றார்.

படம் அச்சேறிய பின்னர் ரோஸ் அடையாளங் காணப்பட்டார். 1980களின் தொடக்கத்தில் இருவரும் சந்தித்தனர். அச்சந்திப்பு ஆவணப்படமாகவும் வந்தது. படத்திலே அவரைச் சூழ்ந்து நின்று, அவர் முகத்தையே நோக்கிக்கொண்டிருக்கும் மற்றப் பெண்களுள் எவரின் பெயரும் நூலில் இல்லை.