பூச்சியைத் தேடினால் பிச்சிப்பூ: எஸ்கியூலைட் தேடலில் தமிழ்

எங்கள் மாடித்தோட்டக் குழுவில் ஆறு வருடப் பேச்சு சேர்ந்து கிடக்கிறது. செம்பருத்தியில் பஞ்சு போல ஒட்டுவது எது, கத்தரி பூத்தும் ஏன் காய்க்கவில்லை, மண்கலவையில் தேங்காய்நார்க் கழிவு எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் அனுபவப்பட்டவர்கள் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் வாரத்துக்கு ஒருவர் அதே கேள்வியோடு வருகிறார். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய், மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசாமல் ஒதுங்குகிறார்கள். அந்த அறிவு வீணாகக் கூடாது என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கி, பெயர்களையும் தொலைபேசி எண்களையும் நீக்கிவிட்டு, உரையாடல் முழுவதையும் கோப்பாக இறக்கிக்கொண்டேன். தேடுவதற்கு எடுத்துக்கொண்டது எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5.

எஸ்கியூலைட் 2000-ல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய தரவுத்தளம். காப்புரிமைக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் பொதுவுடைமையாக விடப்பட்டது. உங்கள் கைபேசிக்குள்ளேயே அது இருக்கிறது; பைத்தான் நிறுவினால் கூடவே வந்துவிடும். எஃப்டிஎஸ்5 என்பது அதன் முழுவுரைத் தேடல் பகுதி, 2015-ல் சேர்ந்தது. தனியாகச் சர்வர் வேண்டாம், மாத வாடகை வேண்டாம். எல்லாம் ஒரே கோப்பு. அரை மணி நேரத்தில் செய்திகள் ஏறிவிட்டன.

முதல் தேடலிலேயே திடுக்கிட்டேன். 'பூச்சி' என்று கொடுத்தால் பிச்சிப்பூ வருகிறது, 'நேற்றைய பேச்சு' வருகிறது. காரணம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. இயல்பான அமைப்பில் எஃப்டிஎஸ்5 எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. நம் புள்ளியும் துணையெழுத்துகளும் யூனிகோடில் 'எழுத்து' வகையில் இல்லை. குறிகள் என்ற தனி வகையில் இருக்கின்றன. அதனால் குறி வரும் இடத்திலெல்லாம் சொல் வெட்டுப்படுகிறது. பூச்சி என்பது ப, ச, ச என்று மூன்று துண்டாகிறது. பிச்சியும் பேச்சும் அதே ப, ச, ச. இயந்திரத்தின் கண்ணுக்கு எல்லாம் ஒன்று.

தீர்வு ஒரே வரிதான். அட்டவணையை உருவாக்கும்போது எழுத்து வகைகளின் பட்டியலில் எம்சி, எம்என் என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு பூச்சி பூச்சியாகவே வந்தது.

அடுத்தது வேற்றுமை உருபு. 'உரம்' என்று தேடினால் உரத்தை, உரத்துக்கு, உரமா எதுவும் வராது. சொல்லின் முன்பகுதியைக் கொடுத்து நட்சத்திரக் குறி போடலாம்; ஆனால் 'உர' என்று போட்டால் உருளைக்கிழங்கும் வரும், ஏனென்றால் 'ரு' உள்ளே 'ர'வும் ஒரு குறியும்தான். நீளமான சொற்களில் இந்தத் தொல்லை குறைவு. 'வேப்பெண்ணெய' என்று கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு நட்சத்திரம் போட்டால் எல்லா உருபுகளோடும் கிடைக்கிறது. அதே சமயம் 'பூச்சி' என்று தேடுகிறவருக்கு 'மாவுப்பூச்சி' வராது, சொல்லின் தொடக்கம் வேறு. இதற்கு மும்மூன்று குறியீடுகளாக வெட்டிச் சேமிக்கும் டிரைகிராம் முறை கைகொடுக்கிறது. எஸ்கியூலைட் 3.34 முதல் அது உண்டு. 'பூ' போல இரண்டே குறியீடு உள்ள சொல்லை மட்டும் அதில் தேட முடியாது. சொல் அட்டவணை முதலில், அதில் கிடைக்காவிட்டால் டிரைகிராம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

எழுத்துச் சிக்கல் இன்னும் ஒன்று. சிலருடைய விசைப்பலகை 'கொ'வை ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்துச் சேமிக்கிறது. ஏற்றுவதற்கு முன் யூனிகோட் சீராக்கம் செய்தால் இது சரியாகிவிடும். 'பௌர்ணமி'யை 'ள' போட்டு 'பெளர்ணமி' என்று தட்டுவது சரியாகாது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வெள்ளரிக்காய் சிதைந்துவிடும். சொல் சொல்லாகத்தான் திருத்த வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய பாடம் வேறு. ஒருவர் கேட்கிறார்: 'அக்கா, என் செம்பருத்தியில வெள்ளையா ஒட்டியிருக்கே, என்ன அது?' பதில் வருகிறது: 'மாவுப்பூச்சிம்மா. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல்.' இப்போது 'செம்பருத்தி மாவுப்பூச்சி' என்று தேடுங்கள். ஒன்றுமே வராது. ஒரு சொல் கேள்வியில், மற்றது பதிலில். வெறும் 'மாவுப்பூச்சி' என்று தேடினால் வேறு குறை: எஃப்டிஎஸ்5 பயன்படுத்தும் பிஎம்25 தரவரிசை, சொல் ஒரே அளவில் வந்தால் சிறிய உரையை மேலே தூக்குகிறது. ஆகவே முதல் பக்கம் முழுக்க 'மாவுப்பூச்சி வந்தா என்ன செய்யலாம்?' என்ற ஒருவரிக் கேள்விகள். விளக்கமான பதில்கள் அடியில் கிடக்கின்றன.

அதனால் ஒவ்வொரு செய்தியையும் தனியாக ஏற்றுவதை விட்டுவிட்டேன். நாற்பது நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழாத செய்திகளை ஒரே உரையாடலாகக் கட்டி ஏற்றினேன். கேள்வியும் பதிலும் ஒன்றாக வந்தன. மறுநாள் காலையில் வந்த பதில்கள் மட்டும் இன்னும் பிரிந்தே நிற்கின்றன, ஏனென்றால் எதற்கு எது பதில் என்ற தொடர்பு இறக்கிய கோப்பில் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுகிறவர்களின் செய்திகளும் இந்தத் தேடலுக்கு வெளியேதான் இருக்கின்றன.

இந்தக் குறைகளோடும் இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். லட்சக்கணக்கான செய்திகள் இருந்தாலும் சாதாரண மடிக்கணினியே போதும். தமிழ்க் குழு நடத்துகிறவர்கள் இன்றைக்கே ஒரு பிரதி இறக்கி வையுங்கள். அட்டவணை போடும்போது எம்சி, எம்என் இரண்டையும் மறக்காமல் சேருங்கள். பிறகு அதை மாற்ற வழி கிடையாது. அழித்துவிட்டு முழுவதையும் மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.