தந்தையின் திட்டமும் ஊரின் தளமும்

ஒரு கலைப்படைப்பு எதைக் காட்டுகிறது என்று கேட்பதோடு விமர்சகனின் வேலை முடிந்துவிடுவதில்லை. எதைக் காட்டாமல் கடந்து செல்கிறது என்பதையும் அவன் கேட்டாக வேண்டும். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிங் ரிச்சர்ட்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை நாம் இவ்வாறே அணுக விரும்புகிறோம். வீனஸ், செரீனா என்னும் கறுப்பினச் சகோதரிகளை டென்னிஸ் உலகின் உச்சிக்கு இட்டுச் சென்ற தந்தை ரிச்சர்ட் வில்லியம்ஸின் கதை அது. அவராக நடித்த வில் ஸ்மித்துக்கு 2022இல் ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. இக்கதையைப் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையில் நின்று பார்த்தால் என்ன தெரியும் என்பதே நமது கேள்வி.

படத்தின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. இரவெல்லாம் காவற்காரனாக உழைக்கும் ஒரு மனிதன், பகலில் தன் மக்களைக் காம்ப்டன் நகரத்துத் தளத்துக்கு அழைத்துச் செல்கிறான். செல்வர்களின் சங்கங்கள்தோறும் ஏறி இறங்கிப் பயிற்சியாளர்களிடம் கெஞ்சுகிறான். அவர்கள் கையை விரிக்கிறார்கள். டென்னிஸ் யாருடைய ஆட்டமாக இருந்தது என்பதை இயக்குநர் ரெய்னால்டோ மார்க்கஸ் கிரீன் இக்காட்சிகளில் நேர்மையாகவே உணர்த்துகிறார். செரீனாவுக்குப் பயிற்சி அளித்தவள் தாய் ஒரசீன். தன் உழைப்பும் இதில் உண்டென்று அவள் கணவனிடம் வாதாடும் காட்சி படத்தின் உயிர்நிலை எனலாம். எனினும் மகுடம் தந்தைக்கே சூட்டப்படுகிறது. படத்தின் தலைப்பே அதற்குச் சான்று.

இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். மன உறுதியும் திட்டமும் இருந்தால் எந்த ஏழையும் வெல்லலாம் என்ற பழைய தனிமனித சாகசக் கதையாகவே படம் முடிகிறது. அந்தத் தந்தையின் காலடியில் கிடந்த தரையைப் பற்றி அது பேசவில்லை. காம்ப்டனில் வறுமை இருந்தது, வன்முறை இருந்தது. ஆயினும் கட்டணம் கேட்காத பொதுத் தளமும் இருந்தது. 1975இல் விம்பிள்டனை வென்ற கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷின் வரலாறும் இதையே கூறும். ரிச்மண்ட் நகரில் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட விளையாட்டுத் திடலின் காவலர் அவருடைய தந்தை. வீடும் திடலுக்குள்ளேயே இருந்தது. நிற ஒதுக்கல் என்னும் அநீதிக்கு நடுவிலும் வாசலிலேயே தளம் இருந்ததால்தான் சிறுவன் கையில் மட்டை ஏறியது. அதை மறவாத ஆஷ், 1969இல் நண்பர்களுடன் சேர்ந்து ஏழைச் சிறுவர்க்கான தேசிய இளையோர் டென்னிஸ் அமைப்பைத் தொடங்கினார்.

இனி நமது கரைக்கு வருவோம். உடப்பிலும் கற்பிட்டியிலும் கரைவலை இழுப்போர், உப்பளத்தில் வெயில் தின்போர், வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நிற்போர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு ஓடவும் தாவவும் வலு இல்லையா? கடற்கரையில் கரப்பந்தாட்டம் தழைத்திருப்பதைக் காண்கிறோம். இரண்டு கம்பும் ஒரு வலையும் ஒரு பந்தும் அதற்குப் போதும். பந்து நிலத்தைத் தொடவேண்டியதில்லை. ஆனால் டென்னிஸ் பந்து மணலில் விழுந்தால் எழாது. அதற்கு இறுகிய தரை வேண்டும். தரை என்றால் நிலம். நிலம் என்றால் உடைமை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்த மாவட்டம் இது. குடிசைக்கே நிலம் தேடியவர்கள் ஆடுதளத்துக்கு எங்கே போவார்கள்? இதே கற்பிட்டியில் காற்று வீசும் மாதங்களில் வெளிநாட்டார் வந்து களப்பின் மீது பட்டம் பிடித்துச் சறுக்கி விளையாடுகிறார்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாட் மின்சாரம் தரவல்லது. காற்றும் கடலும் நிலமும் பிறருக்குப் பயன்படும்போது, கரையில் பிறந்த பிள்ளைக்கு ஒரு சிறு தளம் தருவது பெருங்காரியமா?

உணவும் கல்வியும் முதலில் வரட்டும், டென்னிஸ் எதற்கு என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். ஏழைக்குச் சோறு மட்டும் போதும் என்பதும் மேலோர் வகுத்த நீதியே. விளையாட்டு ஓய்வின் உரிமை. அதைச் செல்வருக்கு மட்டும் விட்டுக்கொடுக்க நாம் உடன்படவில்லை.

வழியும் இல்லாமலில்லை. 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளுக்கு வேகம் குறைந்த பந்துகளைச் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் கட்டாயமாக்கியுள்ளது; சிறிய தளங்களையும் அனுமதித்துள்ளது. இவற்றுள் மிக மெதுவான சிவப்புப் பந்துக்கு ஏறத்தாழ 11 மீற்றர் நீளமுள்ள தளமே போதும். நமது பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்துத் திடல் முப்பது மீற்றர் நீளமும் பதினைந்து மீற்றர் அகலமும் கொண்டது. அதன் குறுக்கே இத்தகைய தளங்கள் இரண்டு மூன்றைச் சுண்ணாம்புக் கோட்டால் வரைந்துவிடலாம். வேண்டியவை மட்டைகள், பந்துகள், பயிற்சி பெற்ற ஆசிரியர், ஆசிரியருக்குரிய ஊதியம். இவற்றை அரசும் பிரதேச சபைகளும் விளையாட்டுச் சங்கங்களும் பொறுப்பேற்க வேண்டும். கொழும்பிலிருந்து ஒருநாள் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் தருமப் பயிற்சியை நாம் கேட்கவில்லை. வாரந்தோறும், மழைக்காலத்துக்குப் பின்னும், பெண்பிள்ளைகளுக்கும் இடமளித்துத் தொடரும் பயிற்சியையே கேட்கிறோம்.

ஒவ்வொரு மீனவக் குடும்பத்திலும் ஒரு ரிச்சர்ட் பிறக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. கடலுக்குப் போய்க் களைத்து வரும் தந்தை அரசனாக வேண்டியதில்லை; அவன் சாதாரண மனிதனாக இருந்தாலும் அவன் மகள் மட்டை பிடிக்க முடியவேண்டும். அந்த மகளின் கதையைச் சொல்லும் படைப்பு வரும்போது, அதன் முதற்காட்சியில் ஊர்ப் பாடசாலையின் தரையைக் காண நாம் விரும்புகிறோம்.